தம்பிக்கு ஜெனரல் பவர் கொடுத்துவிட்டுக் கனடா போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி நர்ஸ். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. கனடா பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்துவிட்டது. வரும் ஜூலையில் நால்வரும் டொரன்டோ கிளம்புகிறோம். 2014-ல் 38 லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் 9 லட்சம் பாக்கி. இப்போது 70 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று முடிவு செய்யவில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் அப்பா 1994-ல் சொந்தமாக வாங்கிய 1 ஏக்கர் 60 சென்ட் நஞ்சை இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் 2019-ல் தவறிவிட்டார்; உயில் எழுதவில்லை. வாரிசு என்று அம்மா, நான், தம்பி. தங்கைக்கு அப்போதே சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று. பெங்களூரில் இருக்கிறாள், பொங்கலுக்கு வருவாள். தம்பி, "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஜெனரல் பவரா எழுதிக் குடுத்துட்டுப் போண்ணா, நான் பாத்துக்கறேன்" என்கிறான். அம்மா தன் பங்கை எனக்கே எழுதித் தருவதாகச் சொல்கிறார். அதை லீவுக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்கிறார். கிளம்புவதற்குள் நான் சட்டப்படி என்னென்ன முடிக்க வேண்டும்?

பதில்: தம்பி கேட்கும் பவர், அதாவது உங்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது தங்கையைப் பற்றிய அந்த ஒரு வரிதான்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று கொண்டு சொல்கிறேன். அப்பா சொந்தமாக வாங்கிய நிலம்; உயில் இல்லை. அப்படியானால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நால்வருக்கும் சம பங்கு. ஆளுக்கு 40 சென்ட். சீர் செய்ததும் நகை போட்டதும் மகளுடைய பங்குக்கு ஈடாகாது. அவர் மனமுவந்து வேண்டாம் என்றாலும் வாய்வார்த்தை போதாது, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: அப்பா தவறியபோது அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, பங்கு ஐந்தாகிவிடும். வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது பாட்டியை மறந்துவிடுகிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை நிலம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், பிறகு நால்வரும் கையெழுத்திடும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அதன்பின் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா. குடும்பத்துக்குள் பிரிப்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பத்திரத்தில் நான்கு எல்லையை எழுதியதோடு நிறுத்திவிட வேண்டாம். கிணறு யார் பங்கில் விழுகிறது, மற்றவர்களுக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர், அப்பா பெயரில் இருக்கும் மோட்டார் மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், உள்பங்குக்காரர் டிராக்டர் ஓட்டிப்போக வண்டித்தடம் எத்தனை அடி அகலம், இவை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். உங்கள் பக்கம் அண்ணன் தம்பி வழக்குகளில் பாதி தடத்துக்கும் தண்ணீருக்கும் நடப்பவைதான்.

இதை ஏன் ஜூலைக்குள் என்கிறேன்? அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம் அப்படி. வெளிநாட்டிலேயே தங்கும் எண்ணத்துடன் கிளம்பிவிட்டால் அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அன்றிலிருந்தே வெளிநாடு வாழ் இந்தியர். இங்கே இருந்தபோது உங்களுக்கு வந்த நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. அதைத் தானமாகப் பெறவும் முடியாது. அம்மா "லீவுக்கு வரும்போது" எழுதித் தர நினைக்கும் செட்டில்மெண்ட்டும் தானம்தான், அது இந்தத் தடையில் மாட்டும். தம்பி பிறகு தன் 40 சென்ட்டை விற்கப்போனாலும், "அண்ணா, நீயே எடுத்துக்கோ" என்று சொன்னால்கூட உங்களால் வாங்க முடியாது. திறந்திருக்கும் வழி ஒன்றே: வாரிசாகவோ உயில் மூலமோ வருவது. நாளைக்கு நீங்கள் உங்கள் பங்கை விற்றாலும், இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம்.

அதற்காக ஜூலைக்கு முன்பே அம்மாவை செட்டில்மெண்ட் எழுதச் சொல்லவும் மாட்டேன். அவர் இனி தம்பி வீட்டில்தான் இருக்கப்போகிறார். அந்த வயதில் 40 சென்ட் நஞ்சை தன் பெயரில் இருப்பது அவருக்கு ஒரு தெம்பு. அவர் பங்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும். யாருக்குச் சேர வேண்டும் என்பதை இரண்டு சாட்சிகள் வைத்து உயிலாக எழுதட்டும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். தம்பிக்கு எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு திரும்பினால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்து பராமரிக்கத் தவறினால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

இப்போது பவருக்கு வருகிறேன். தம்பி மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஜெனரல் பவர் பத்திரங்கள் பெரும்பாலும் டைப்பிங் சென்டரில் இருக்கும் பழைய மாதிரியிலிருந்து எடுக்கப்படுபவை. விற்க, அடமானம் வைக்க, கடன் வாங்க, கிரையத் தொகை பெற்றுக்கொள்ள என்று எல்லாமே அதில் இருக்கும். உங்களுக்குத் தேவை வரி கட்டுவதும் குத்தகை வாங்குவதும் மட்டும். என் கட்சிக்காரர் ஒருவர் நியூசிலாந்து போகும் அவசரத்தில் இப்படி ஒரு பவரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏஜெண்டாக இருந்த மைத்துனர் ஏமாற்ற நினைத்தவரல்ல; தொழிலில் நெருக்கடி, நிலத்தை அடமானம் வைத்தார், மீட்க முடியவில்லை. கடன் கொடுத்தவர் கையில் இருந்தது செல்லுபடியாகும் பத்திரம். அந்த வழக்கில் எங்களுக்குப் பேசவே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

எனவே தனி அதிகாரப் பத்திரம் போடுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, நிலவரி கட்ட, குத்தகை வசூலிக்க, மின்வாரியத்திலும் வருவாய்த் துறையிலும் மனு கொடுக்க, தேவைப்பட்டால் வழக்கறிஞர் அமர்த்த என்று எண்ணி எழுதுங்கள். கடைசியில் இந்த வரியும் இருக்கட்டும்: "மேற்படி சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் அல்லது செட்டில்மெண்ட் செய்யவோ, கிரைய ஒப்பந்தம் செய்யவோ இந்தப் பத்திரத்தின் மூலம் ஏஜெண்டுக்கு அதிகாரம் இல்லை." அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைத் தமிழ்நாட்டில் எழுதினால் பதிவு செய்தாக வேண்டும். பின்னாளில் விற்க வேண்டி வந்தால் அந்த ஒரு கிரையத்துக்கு மட்டும் கனடாவிலிருந்து பவர் அனுப்பலாம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அலைச்சல்தான், ஆனால் விலை உங்களுக்குத் தெரிந்து நடக்கும். தம்பியிடம் நேரில் சொல்லச் சங்கடமாக இருந்தால், வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் தலையில் போடுங்கள்.

ஃப்ளாட்டைப் பற்றி இடையில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பணக் கணக்கில் அதுதான் பெரிது. வருமான வரிச் சட்டத்தில் நாள் கணக்கு வேறு. நீங்கள் ஜூலையில் வேலைக்காகக் கிளம்பினால், ஏப்ரல் முதல் அதுவரை இங்கே இருந்த நாட்கள் 182-ஐத் தொடாது. அதனால் அந்த நிதியாண்டு முழுவதுக்கும் நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிடுவீர்கள். மே மாதம் கோவையில் உட்கார்ந்துகொண்டே விற்றாலும் அதே கதைதான். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது, வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி 20 சதவீதமா, உயர்த்தாமல் 12.5 சதவீதமா என்று குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் வசதி இங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. உங்கள் கணக்கையே போடுவோம். 2014-15-ன் குறியீடு 240, 2025-26-ன் குறியீடு 376. 38 லட்சம் ஏறத்தாழ 59.5 லட்சமாகிறது. லாபம் 10.5 லட்சம், 20 சதவீதத்தில் வரி 2.1 லட்சம். குறியீடு இல்லையென்றால் லாபம் 32 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 4 லட்சம். மார்ச் 31-க்குள் கிரையம் பதிவானால் இந்த வித்தியாசம் உங்கள் கையில் நிற்கும்.

அதைவிட வலிப்பது டிடிஎஸ், அதாவது வாங்குபவரே விலையில் முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி. இப்போது விற்றால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 70 ஆயிரம் பிடிப்பார். வெளிநாடு வாழ் இந்தியரிடம் வாங்கும்போது 12.5 சதவீதத்துடன் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளையும் சேர்த்து, பெரும்பாலும் மொத்த விலைக்குமே பிடிப்பார்கள். உங்கள் தொகைக்கு ஏறத்தாழ 10 லட்சம். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம். இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். வாடகைக்கு விட்டாலும் குடியிருப்பவர் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. என் அபிப்பிராயம், மார்ச்சுக்குள் விற்றுவிடுங்கள். ஆடிட்டரிடம் ஒருமுறை கணக்கைக் காட்டுங்கள். கடனை அடைத்ததும் வங்கியிடமிருந்து அசல் பத்திரங்களோடு, அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற்றமாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். கடுமையான நிதி முறைகேடு, அல்லது தடையாணை இல்லாத 10 லட்சத்துக்கு மேற்பட்ட வரி பாக்கி போன்ற நேர்வுகளுக்குத்தான் அது.

வங்கிக்கு எழுதிக் கொடுத்துச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடு வாழ்வோரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றுங்கள். குத்தகைப் பணம் அதில் விழட்டும். பிபிஎஃப் இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், அதன்பின் நீட்டிக்க முடியாது. பிஎஃப் பணத்தை, நிரந்தரமாக வெளிநாடு குடிபெயர்வதைக் காரணம் காட்டி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் இந்திய சிம்மை மட்டும் சாகவிடாதீர்கள். ஆதார், வங்கி, வருமான வரி எல்லாவற்றின் ஓடிபியும் அதற்குத்தான் வரும்.

பெயர் விஷயம் ஒன்று. நம் வீடுகளில் பாஸ்போர்ட்டில் மனைவியின் சர்நேம் அவர் அப்பா பெயராகவும், பிள்ளைகளுடையது உங்கள் பெயராகவும், உங்களுடையது உங்கள் அப்பா பெயராகவும் இருக்கும். நாலு பேருக்கு மூன்று சர்நேம். இதைச் சரிசெய்கிறேன் என்று இப்போது கெஜட்டில் பெயர் மாற்றிவிடாதீர்கள். பிஆர் பழைய பெயரில் வந்திருக்கிறது. திருமணச் சான்றிதழும், பிள்ளைகளின் பெயர் பதிந்த பிறப்புச் சான்றிதழ்களும், வெளிநாடுகள் ஏற்கும் அரசுச் சான்றான அப்போஸ்டில் முத்திரையோடு இருந்தால் உறவு நிரூபணமாகிவிடும். கனடாவில் 2024 ஜனவரி முதல் அப்போஸ்டில் செல்லும். மனைவியின் நர்சிங் கல்லூரி மதிப்பெண் விவரம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் சரிபார்ப்பு இரண்டையும் இங்கிருக்கும்போதே நகர்த்துங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஒன்டாரியோ பள்ளியில் கேட்பார்கள். லாக்கரில் விட்டுப்போகும் நகைகளைப் படமெடுத்து மதிப்புச் சான்று வாங்கி, கனடாவில் முதல்முறை இறங்கும் அன்றே "பிறகு வரும் பொருட்கள்" பட்டியலில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை கொண்டுபோகும்போது சுங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

இத்தனையிலும் பாகப்பிரிவினைக்கு மட்டும்தான் நால்வரும் ஒரே இடத்தில் வேண்டும். தங்கை பொங்கலுக்கு வருகிறார் என்கிறீர்கள். அதற்குள் அவரிடம் நீங்களே போனில் பேசுங்கள். தம்பியையோ அம்மாவையோ விட்டுப் பேச வைக்காதீர்கள். 40 சென்ட் உனக்கும் உண்டு என்பதை அவர் உங்கள் வாயால் கேட்கட்டும். பங்கு வேண்டும் என்கிறாரா, விட்டுக்கொடுக்கிறாரா என்று தெரிந்ததும் பத்திரத்தை எழுதி வைத்து, அவர் பெங்களூர் திரும்புவதற்கு முந்தைய வேலை நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு டோக்கன் போட்டுவிடுங்கள்.