பதினோராம் வகுப்பில் உண்மையில் என்ன கற்றீர்கள்? ஆண்டுத் தொடக்கத்தில் வைத்த இலக்குகள் நிறைவேறினவா?

ஒரு பள்ளி ஆண்டில் வகுப்பறையிலிருந்து என்ன கற்றீர்கள், அந்த ஆண்டுக்கென்று நீங்களாக வைத்துக்கொண்ட இலக்குகள் என்னவாயின என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2018-19 கல்வியாண்டில் பட்டுக்கோட்டைக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், தமிழ் வழியில், எல்லோரும் 'முதல் குரூப்' என்று சொல்லும் கணிதம், உயிரியல் பிரிவில் பதினோராம் வகுப்புப் படித்தேன். அந்த ஓராண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான், அதாவது 2017-18இல்தான், தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்றிருந்த மதிப்பெண் 100 ஆகி, மொத்தம் 600 என்றானது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் உருப்போட வைத்தன என்பதும், நீட் போன்ற தேர்வுகளில் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். நாங்கள் சேர்ந்த 2018இல் பாடப்புத்தகமும் புதிதாக மாறியது. புதிய புத்தகத்துக்குப் பழைய வினாத்தாள் கிடையாது. கடையில் கைடும் உடனே வந்துவிடவில்லை. ஆசிரியர்களுக்கே பல பகுதிகள் புதியவை. எதை விடலாம், எதிலிருந்து கட்டாயம் கேட்பார்கள் என்று சொல்லக்கூடிய அண்ணன்மார் எவரும் எங்களுக்கு முன்னால் இல்லை. இது பெரிய குறை என்று அப்போது எல்லோரும் புலம்பினோம். பாடத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியே இல்லாமல் போனதில் எனக்கு நன்மைதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் மாதத்தில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில இலக்குகளை எழுதிவைத்தேன். 600க்கு 550 எடுக்க வேண்டும் என்பது முதலாவது. அதை வீட்டிலும் சொல்லியிருந்தேன். இயற்பியலில் எந்தச் சமன்பாட்டின் வருவித்தலையும் புரியாமல் மனப்பாடம் செய்யக்கூடாது என்பது அடுத்தது. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஆங்கில வழிப் புத்தகத்தையும் பாடந்தோறும் கூடவே படிப்பது இன்னொன்று. கடைசியாக, வகுப்பில் எழுந்து நின்று சந்தேகம் கேட்பது. பத்தாம் வகுப்பு முடியும்வரை நான் வகுப்பில் வாய் திறந்தது 'உள்ளேன் ஐயா' என்பதற்கு மட்டுமே; எழுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பே போதும், கேள்வி தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும்.

முதல் இலக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும், பதினோராம் வகுப்புக்குத் தேர்வு இருக்கும், ஆனால் அந்த மதிப்பெண் சேர்க்கைக்குச் சேராது என்று அரசு அறிவித்தது. பதினொன்றில் ஏதேனும் ஒரு பாடத்தில் தவறினாலும் பன்னிரண்டுக்குப் போய்க்கொண்டே எழுதிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. அறிவிப்பு வந்த வாரத்திலேயே வகுப்பின் முகம் மாறிவிட்டது. மாலைச் சிறப்பு வகுப்பில் பின்வரிசைகள் காலியாயின. தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் நண்பன், தங்கள் பள்ளியில் மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுத்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னான். மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மதிப்பெண்ணுக்காகத்தான் படிக்க வேண்டும் என்று பத்தாண்டுகள் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை என்றவுடன் புத்தகத்தை மூடுவது இயல்புதானே. எனக்கும் 550 என்ற எண் ஒரே நாளில் பொருளற்றுப் போனது. ஆனால் மற்ற மூன்று இலக்குகளை அந்த அறிவிப்பு தொடவில்லை. அவை சேர்க்கைக்காக வைத்தவை அல்ல என்பதால் அவற்றைக் கைவிடக் காரணம் ஏதும் கிடைக்கவில்லை என்று சொல்வதே பொருந்தும். எனக்கு மனவுறுதி அதிகம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

வகுப்பறைக் கற்றலுக்கு வருகிறேன். அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு முரண் இருந்தது. இயற்பியலில் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே, ஓர் அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழு வந்துவிடும். கணிதத்திலோ அதைக் கற்றுத்தரும் எல்லைகளும் வகையிடலும் இரண்டாம் தொகுதியில், ஒன்பதாவது, பத்தாவது பாடங்களாக இருந்தன. இயற்பியல் புத்தகம் சில பக்கங்களில் நுண்கணிதத்தை அறிமுகப்படுத்தியிருந்தாலும், அதைப் படித்து எங்களில் பெரும்பாலோருக்கு எதுவும் விளங்கவில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியர் சூத்திரத்தை எழுதிப் போடாமல், ஒரு பொருளின் நிலை நேரத்தின் இருமடி என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, 2ஆம் விநாடியிலிருந்து 3ஆம் விநாடிவரை சராசரித் திசைவேகம் என்ன என்று கேட்டார். 5 என்றோம். 2இலிருந்து 2.1வரை? 4.1. 2.01வரை? 4.01. 2.001வரை? 4.001. 'சரியா ரெண்டாவது விநாடியில எவ்வளவு இருக்கும்?' என்று கேட்டுவிட்டு அவர் சாக்பீஸை வைத்துவிட்டார். அன்று இரவு இருமடிக்குப் பதிலாக மும்மடியை வைத்து நானே போட்டுப் பார்த்தேன்; விடை 12ஐ நெருங்கிக்கொண்டே போனது. சில மாதங்கள் கழித்துக் கணித ஆசிரியர் எல்லையின் வரையறையை எழுதியபோது வகுப்பே மிரண்டு போனது. எனக்கு அது ஏற்கெனவே கையால் செய்து பார்த்த ஒன்றாக இருந்தது. இரண்டாவது இலக்குக்கு அந்தச் சிறிய அட்டவணைதான் அடித்தளம்.

செய்முறை வகுப்பிலும் ஒன்று நடந்தது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. ஒரு மீட்டர் நீள ஊசல் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும் என்பதால் 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து வகுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குழுவுக்கு 9.8க்குப் பதிலாக 10.8க்கும் மேல் வந்தது. இப்படி வந்தால் அளவீட்டைத் திருத்தி, ரெக்கார்டு நோட்டில் 9.8 வரும்படி எழுதிவிடுவதுதான் நாடறிந்த வழக்கம். ஆசிரியர் அதற்கு விடவில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகே கையெழுத்து என்றார். இரண்டு குழுக்களும் சேர்ந்து வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பின், கடிகாரத்தை அழுத்தும் கணத்திலேயே அவர்கள் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அங்கே 'சுழி' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நடந்தது 19 அலைவு, வகுத்தது 20ஆல். 20ஐ 19ஆல் வகுத்து இருமடி எடுத்து 9.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அவர்களுக்கு வந்த விடையே வருகிறது. தவறான விடைக்குள்ளும் அது ஏன் தவறானது என்ற கணக்கு இருக்கிறது என்பதை அந்த ஆண்டில் நான் கற்ற மிகப் பெரிய பாடமாகவே கருதுகிறேன். இன்று பொறியாளராக வேலை பார்க்கும்போது எனக்கு அன்றாடம் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததும், ஊருக்கு ஊர் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததும் பலருக்கும் நினைவிருக்கும். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. பள்ளி திறந்தபோது வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வந்தவர்களில் பலரிடம் புத்தகம் இல்லை. அந்த நிலையில் எங்களுக்கு இயற்பியலில் நடந்தது ஏழாவது அலகு, பருப்பொருளின் பண்புகள். அதில், காற்றோ நீரோ வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று சொல்லும் பெர்னௌலி தேற்றத்தின் பயன்பாடுகளில் ஒன்றாக, புயற்காற்றில் வீட்டுக்கூரை தூக்கி எறியப்படுவது கொடுக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். யார் வீட்டுக் கூரை போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் கை தூக்காமல் இருந்திருப்பார்கள் என்று எண்ணுவதுதான் எளிதாக இருந்திருக்கும்.

காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் என்று வைத்துக் கரும்பலகையில் கணக்கைத் தொடங்கினார். அது விநாடிக்கு 33 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். கூரைக்கு மேலே காற்று அந்த வேகத்தில் ஓட, வீட்டுக்குள் காற்று அசையாமல் இருந்தால், அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 650 பாஸ்கல். பத்துச் சதுர மீட்டர் கூரைக்கு அது 6,500 நியூட்டன், அதாவது சுமார் 650 கிலோவைத் தூக்கும் அளவு மேல்நோக்கு விசை. ஆஸ்பெஸ்டாஸ் ஓடும் மரச்சட்டமும் அந்த எடையின் பக்கத்தில்கூட வராது. வகுப்பில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் நான் எழுந்தேன். 'சார், எங்க மாட்டுக் கொட்டகைக்குச் சுவரே கிடையாது. மேலயும் கீழயும் ஒரே காத்துதானே? அதோட கூரை ஏன் சார் போச்சு?'

அவர் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்வதாகக் கூறினார், மறுநாள் சொன்னார். சாய்ந்த கூரையின் அடிப்பக்கத்தில் மோதும் காற்று அங்கே தடைபட்டு வேகம் குறைவதால் அழுத்தம் கூடுகிறது, மேலிருந்து இழுப்பதோடு கீழிருந்து தள்ளுவதும் சேர்ந்துகொள்கிறது என்று படம் வரைந்து விளக்கினார். புத்தகத்திலுள்ள சமன்பாடு சீரான ஓட்டத்துக்கு உரியது, புயல் அப்படி ஓடுவதில்லை, ஆகவே இந்தக் கணக்கை ஓர் உத்தேசமாகத்தான் கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஓர் ஆசிரியர் எழுபது பேருக்கு முன்னால் நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறத் தயங்கவில்லை என்பதே என் கூச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டது. அதன் பிறகு கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கணித வகுப்பில் ஒரு முறை, 'கொஞ்சம் மத்தவங்களும் கேக்கட்டும்பா' என்று உட்கார வைக்கப்பட்டேன்.

ஆங்கிலப் புத்தக இலக்கு பாதியில் நின்றது. நான் படித்தது அப்பாவின் கைபேசியில்; புயலுக்குப் பிறகு அதற்குச் சார்ஜ் ஏற்றவே ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இயற்பியலில் முதல் தொகுதியின் ஐந்து அலகுகளோடு சரி. பின்னாளில் பொறியியல் முதலாண்டில், அந்த ஐந்து அலகுகளைத் தொட்ட பாடங்களில் எனக்குத் திணறல் இல்லை, மற்றவற்றில் இருந்தது. ஆகவே இலக்கு சரியானதுதான் என்று தெரிந்துகொண்டேன். ஜனவரியில் ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் சில வகுப்புகள் போயின. மார்ச்சில் தேர்வு எழுதினேன். 550 வரவில்லை, 500ஐத் தாண்டியிருந்தது. வீட்டில் எவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தோப்பை எப்படி மறுபடி எழுப்புவது என்பதே அப்போது எங்கள் வீட்டில் பேச்சாக இருந்தது.

கேட்டவர் இப்போது பதினொன்றில் இருப்பதாகக் குறிப்பிட்டிருப்பதால் இதையும் சொல்கிறேன். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் 2017க்கு முன்பிருந்த பழைய நோய் திரும்பி வர வழியும் திறந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் ஜூனிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டால், யாரும் நடத்தக் காத்திராமல், இயற்பியலில் இயக்கவியல் அலகையும் கணிதத்தில் எல்லைகள், வகையிடல் பாடங்களையும் காலாண்டு விடுமுறைக்குள் நீங்களாகவே எழுதிப் பார்த்து முடித்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் மின்காந்தவியல் அலகுகளும் கணிதத்தின் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன; அங்கே போய் நின்றுகொண்டு இவற்றைத் திரும்பிப் படிக்க நேரம் கிடைக்காது.