மோல்சன் கனேடியனுக்குப் பழகிய நாக்குக்கு கிராஃப்ட் ஏல் ஏன் இவ்வளவு கசக்கிறது?

கனடாவின் பீர்களான மோல்சன் கனேடியன், லாபட் ப்ளூ இரண்டுமே சுமார் 5% ஆல்கஹால் கொண்ட லாகர் வகை. லாகருக்குப் போடும் ஈஸ்ட் 8–13 டிகிரி செல்சியஸில் மெதுவாக நொதிக்கும், பிறகு குளிரில் கிடந்து தெளியும். அதனால் பழ வாசனை தரும் எஸ்டர்கள் என்ற சேர்மங்கள் அதிகம் உருவாவதில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும் குறைவு, இந்த வகையில் கசப்பு பொதுவாக 10–15 ஐபியுதான் (ஐபியு என்பது பீரின் கசப்பை அளக்கும் அலகு).

ஏல் என்பது பீரின் இன்னொரு வகை; சிறு ஆலைகளில் காய்ச்சுவதுதான் கிராஃப்ட் ஏல். ஏல் ஈஸ்ட் 18–22 டிகிரியில் சில நாட்களிலேயே வேலையை முடித்து, எஸ்டர்களை விட்டுச்செல்லும். ஹாப்ஸ் தூக்கலான ஏலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்றால் கசப்பு 50–70 ஐபியு வரை போகும். நொதித்த பிறகும் ஹாப்ஸ் போட்டு ஊறவைப்பதால், கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே ஆரஞ்சுத் தோல், பைன் வாசனை தூக்கலாக அடிக்கும்.

நேரே ஐபிஏவில் இறங்காதீர்கள். மாண்ட்ரியலின் செயின்ட் ஆம்ப்ரோயிஸ் பேல் ஏல் அருமையான தொடக்கம்: அதுவும் 5%தான், மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) இனிப்பு கசப்பைத் தாங்கிப் பிடிக்கும். பலர் செய்யும் தவறு, ஏலையும் லாகர் போல 3–4 டிகிரியில் குடிப்பது. அந்தக் குளிரில் வாசனை அடங்கி, கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் வெளியே வையுங்கள். கேனின் அடியில் தேதி இருந்தால் பாருங்கள். ஐபிஏ பழசானால் ஹாப்ஸ் மணம் போய், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்.