அப்பாவின் பெட்டியில் ஒரு குட்டி ஸ்டேஷன்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது அப்பா சேர்த்து வைத்த மேட்ச்பாக்ஸ் குட்டி பொம்மைக் கார்களும், பிரிக்காத ஃபாலர் கம்பெனி ரயில்வே ஸ்டேஷன் கிட் (நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்) ஒன்றும் கிடைத்தன. கார்களுக்குப் புது பெயின்ட் அடித்து, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: பெயின்ட் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்! உங்கள் அப்பா கை பட்டுத் தேய்ந்த பெயின்ட் அது, அதற்கு ஈடே கிடையாது. நிறுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியின் ஃபாலர் கிட்டுகள் பெரும்பாலும் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஆனால் 1953-ல் லெஸ்னி கம்பெனி ஆரம்பித்த மேட்ச்பாக்ஸில் எல்லா வண்டியும் தீப்பெட்டி மாதிரியான அட்டைப்பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம்; வண்டிக்கு வண்டி அளவு விகிதம் மாறும். வாசலில் நிறுத்தினால் ஸ்டேஷனுக்குப் பொருந்தாமல் கார் பெரிதாகத் தெரியும். அதனால் கார்களை முன்னாலும் ஸ்டேஷனைத் தள்ளிப் பின்னாலும் வையுங்கள், கண் ஏற்றுக்கொள்ளும். ஸ்டேஷனை ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் மாடல் பசைதான் சரி, ஃபெவிகால் பிடிக்காது. அப்புறம், உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் அட்டைப்பெட்டிகள் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். சேலத்துக்கு எடுத்துப் போனால் தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், அந்த வெயிலில் பிளாஸ்டிக் சுவர்கள் வளைந்துவிடும்.