வாசகர் கேள்விகள்: அனைவருக்கும் அடிப்படை வருமானமும் திருச்சபையும்

கேள்வி: ஐயா, நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அரசு மாதந்தோறும் நிபந்தனையின்றி ஒரு தொகை வழங்க வேண்டுமென்று திருச்சபை குரல் கொடுக்க வேண்டும் என எங்கள் ஆயர் பிரசங்கித்தார். நமீபியாவின் சபைகள் அப்படிச் செய்ததையும் எடுத்துச் சொன்னார். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதியிருக்கும்போது, இது திருச்சபைக்கு உரிய வேலைதானா?
– வாசகி, லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: திருச்சபைக்கு உரிய வேலைதான் என்று உறுதியாக நம்புகிறேன், சகோதரி. உடலில் திடம் இருந்தும் உழைக்காமல், பிறர் வீட்டு அலுவல்களில் தலையிட்டுத் திரிந்த சபையினரைக் கண்டித்தே பவுல் தெசலோனிக்கேயருக்கு அப்படி எழுதினார். வேலை கிடைக்காதவர்களைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. நம் நகரின் நாற்சந்திகளில் விடியற்காலையில் கரணையும் தூக்குவாளியுமாக மேஸ்திரிக்காகக் காத்து நிற்கும் தமிழ்க் கொத்தனார்களையும் சித்தாட்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறும்வரை யாரும் கூப்பிடவில்லையென்றால் அன்றைய கூலி போயிற்று. திராட்சைத் தோட்ட உவமையில், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்ட எஜமானிடம், தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று சொன்ன கூலியாட்களின் நிலைதான் இவர்களுடையதும். கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கொடுத்த அந்த எஜமானையே இயேசு பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிட்டார்.

நமீபியாவில் நடந்ததை உங்கள் ஆயர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அங்குள்ள சபைகளின் மன்றமும் தொழிற்சங்கங்களும் பிற அமைப்புகளும் ஒரே கூட்டணியாகச் சேர்ந்து, ஒட்ஜிவேரோ-ஒமிட்டாரா என்ற மிக வறிய குடியிருப்பில், 2008 ஜனவரி முதல் 2009 டிசம்பர் வரை, 60 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் 100 நமீபிய டாலர் வழங்கின. அதற்கு மேற்பட்டவர்களுக்கு அரசின் முதியோர் ஓய்வூதியம் ஏற்கெனவே இருந்தது. குழந்தைகளின் தொகை அவர்களைப் பராமரித்தவர் கைக்குப் போயிற்று. லுத்தரன் பேராயர் செபானியா கமீட்டா இதற்கு முன்னின்றார். எடை குறைந்த குழந்தைகளின் விகிதம் ஓராண்டில் 42 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியதாகவும், வருமானம் தரும் வேலையில் ஈடுபட்டோர் 44 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாக உயர்ந்ததாகவும் அக்கூட்டணியின் அறிக்கை கூறியது. பணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று அஞ்சுவோர் இந்த இரண்டாவது கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பணம் பெறாத வேறோர் ஊரை எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருளியலாளர்கள் சொன்ன குறையும் நியாயமானதே. நாடு முழுவதற்கும் அரசு அதை விரிவாக்கவில்லை. ஆயினும் 2015இல் கமீட்டாவே வறுமை ஒழிப்புத் துறையின் அமைச்சரானார்.

போப் பிரான்சிஸும் 2020 ஏப்ரல் 12 அன்று, உலகம் ஊரடங்கில் கிடந்த ஈஸ்டர் நாளில், மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய கடிதத்தில், தெருவோர வியாபாரிகளையும் குப்பையிலிருந்து பொருள் பிரிப்போரையும் கட்டடத் தொழிலாளர்களையும் எண்ணி, அனைவருக்கும் அடிப்படை ஊதியம் என்பதை யோசிக்க இதுவே தருணமாக இருக்கலாம் என்றார்.

ஒன்றை மட்டும் உங்கள் சபையின் கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள்: ஆலயத்தைப் பெருக்கும் அம்மாவுக்கும், மணியடிக்கும் ஊழியருக்கும், கல்லறைத் தோட்டத்தைக் காப்பவருக்கும் சபை கொடுக்கும் மாதச் சம்பளம், அவர்கள் வாடகை கொடுத்துப் பிழைக்கப் போதுமானதா? அரசிடம் மனுக் கொடுக்கும் சபை இதையும் அதே கூட்டத்தில் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: கர்நாடகத்தில் கிருகலட்சுமித் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்களே, அது போதாதா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: 2023 ஆகஸ்டில் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆனால் ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாகப் பதிவான பெண்ணுக்கு மட்டுமே அது உரியது. ரேஷன் அட்டையைத் திருவண்ணாமலையிலோ தருமபுரியிலோ விட்டுவிட்டு இங்கே ஜல்லி சுமக்கும் பெண் அதற்குள் வரமாட்டார். அடிப்படை வருமானம் கேட்போர் ‘அனைவருக்கும்’ என்று அழுத்துவது இப்படிப்பட்டவரை மனத்தில் வைத்துத்தான். செலவோ பெரிது. 2016-17ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கிட்டு, மக்களில் முக்கால் பங்கினருக்கு மட்டும் கொடுத்தாலே நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 4.9 சதவீதம் தேவைப்படும் என்றது. அந்தப் பணத்தைத் திரட்ட ரேஷன் அரிசியை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், சபைகள் அதை வெளிப்படையாக எதிர்க்க வேண்டும். கடையில் அரிசி விலை ஏறும்போதெல்லாம் உதவித்தொகையும் கூடவே ஏறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.