கோரி மீனுக்குத் தரைதான் வீடு: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பல வருடமாகக் கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி, என்ற தொட்டியின் அடியில் வாழும் சின்ன மீசை மீனை வளர்த்து வருகிறேன். நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பேட்டை: அண்ணாச்சி, கடையில் 'டேங்க் கிளீனர்' என்று இரண்டு கோரி கொடுத்தார்கள். தனியாகத் தீனி போடணுமா?

கட்டாயம் போடணும் தம்பி. கோரி பாசியைச் சுரண்டாது, கழிவையும் தின்னாது. மேல் மீன்கள் விட்ட மிச்சத்தை மட்டும் நம்பினால் வயிறு ஒட்டிப்போகும். விளக்கை அணைத்த பிறகு, அடியில் போய் உட்காரும் வில்லைத் தீனி போடுங்கள். அப்புறம், இது கூட்டமாக வாழும் மீன். ஒரே இனத்தில் இன்னும் நாலு சேர்த்து ஆறாக்குங்கள்.

மேலப்பாளையம்: மீசை நாளுக்கு நாள் குட்டையாகிறது. என்ன நோய்?

தரையைப் பாருங்கள். நானும் ஆரம்பத்தில் கலர் கல் போட்டு நாலு மீனின் மீசையைக் கெடுத்தவன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நல்ல மணல் கிடைத்தால் கோரி கண் வரை முகத்தைப் புதைக்கும். வாய் நிறைய அள்ளி, தீனியை வைத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே புகையாக விடும். கல்லில் அதற்கு வழியில்லை. கல்லிடுக்கில் தங்கும் அழுக்கில் கிருமி பெருகி மீசையை அரிக்கும்.

வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் இருந்தால் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். உடைத்த கல், முனை கூர். உவரியில் அள்ளிய கடல் மணலும் ஆகாது. சிப்பித்தூள் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். மீசை வேரோடு போகாமல் இருந்தால் திரும்ப வளரும்.

அம்பாசமுத்திரம்: சித்திரை வெயிலில் ஓயாமல் மேலே வந்து காற்றுக் குடிக்கிறதே?

எப்போதாவது வந்தால் இயல்பு. விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவும் ஆக்சிஜன் எடுக்கும் மீன் இது. ஓயாமல் வந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சூடு ஏற ஏற அது குறையும். பெரும்பாலான கோரிகளுக்கு 22 முதல் 26 டிகிரி போதும். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள்; இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்ப் இரவும் ஓடட்டும். ஐஸ் கட்டியை நேரே போட்டுவிடாதீர்கள். புதிதாக வாங்குவதென்றால் ஸ்டெர்பாய் கோரி வாங்குங்கள், 28 வரை தாங்கும். பாண்டா கோரி நம் வெயிலுக்குப் பாவம்.

வள்ளியூர்: எங்களுக்குப் போர் தண்ணீர்தான், கடினமானது. கோரி தாங்குமா?

பண்ணையில் பிறந்தவை பழகிக்கொள்ளும். ஆனால் புது மீன் வந்த தண்ணீரில் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கி விடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி: அதிகமாகிவிட்டால் வாய்க்காலில் விடலாமா?

கூடாது. தென் அமெரிக்க மீனுக்குத் தாமிரபரணியில் இடமில்லை. நம் அயிரையும் கெளுத்தியும் அங்கே நிம்மதியாக இருக்கட்டும். மிஞ்சியதைக் கடையில் கொடுங்கள். பிடிக்க வலை வேண்டாம், துடுப்பு முள் சிக்கிக் கிழியும், டப்பாவில் மொள்ளுங்கள்.

தென்காசி: சாரல் நாளில் தண்ணீர் மாற்றினேன் அண்ணாச்சி, மறுநாள் கண்ணாடியெல்லாம் முட்டை!

குளிர்ந்த தண்ணீர் மழைக்காலம் வந்ததாக அவற்றுக்குச் சொல்லிவிட்டது, தங்கச்சி. பெற்றதுகளே தின்றுவிடும், விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தண்ணீர் ஊற்றிய டப்பாவில் காற்றுக்குமிழோடு வையுங்கள். வெள்ளையாகப் பூசணம் பிடித்ததை உடனே எடுத்துவிடுங்கள். நாலைந்து நாளில் பொரியும். குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தீர இரண்டு நாள் ஆகும், அதுவரை தீனி வேண்டாம். பிறகு அப்போது பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் பொடி இறால் குஞ்சு, கொடுங்கள். வயிறு ஆரஞ்சு நிறமானால் தின்கிறது என்று அர்த்தம்.