25-ஆம் தேதிக்கு வராதீர்கள்: ஸ்டாக்ஹோம் கிறிஸ்துமஸ் சந்தை கேள்வி பதில்

ஸ்டாக்ஹோமில் எனக்கு இது பன்னிரண்டாவது குளிர்காலம். நவம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் சந்தை பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பிள்ளைகளுக்கு டிசம்பர் 24-லிருந்துதான் விடுமுறை. கிறிஸ்துமஸ் அன்றே சந்தையைப் பார்த்துவிடலாம் என்று விமானச்சீட்டு எடுக்கப் போகிறோம். சரிதானே?

தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். பழைய நகரத்தின் ஸ்டூர்தோர்யெட் சதுக்கத்தில் கூடும் சந்தை 23-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஸ்வீடன்காரர்களுக்குப் பண்டிகை 24-ஆம் தேதிதான். அன்று மதியம் 3 மணிக்குத் தொலைக்காட்சியில் டொனால்ட் டக் நிகழ்ச்சி வரும். 1960 வாக்கில் தொடங்கிய வழக்கம், இன்றும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது.

இங்கே வந்த முதல் வருடம் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஊரிலிருந்து வந்திருந்த தங்கை குடும்பத்தை 25-ஆம் தேதி சதுக்கத்துக்கு அழைத்துப் போனேன். ஈரக் கருங்கல் தரையும், அடைத்த கதவுகளும்தான் இருந்தன. பிள்ளைகள் இரண்டும் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. தீபாவளிக் கடைவீதியைத் தீபாவளிக்கு மறுநாள் போய்த் தேடுவோமா? அதே கணக்குதான். இந்தச் சந்தைகள் பண்டிகைக்காகக் காத்திருக்கும் நான்கு வாரங்களுக்கு, அதாவது அட்வெண்ட் காலத்துக்கு உரியவை. முதல் அட்வெண்ட் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அதற்குப் பிறகு, 20-ஆம் தேதிக்குள் வந்து போகும்படி திட்டமிடுங்கள். பள்ளியில் நான்கு நாள் விடுப்பு கேட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தச் சந்தைக்குப் போகலாம்?

அந்த ஒரு நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். காலையில் ஸ்கான்சென், இருட்டிய பிறகு ஸ்டூர்தோர்யெட்.

ஸ்கான்சென் என்பது யூர்கோர்டன் தீவிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். ஆர்துர் ஹசேலியுஸ் என்பவர் 1891-ல் தொடங்கினார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய வீடுகள், பண்ணைகள், ஒரு மரத் தேவாலயம் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து வந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1903 முதல் இங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது. அட்வெண்ட் வார இறுதிகளில் மட்டும்தான், நுழைவுக் கட்டணமும் உண்டு. ஆனால் கொடுத்த காசுக்கு ஒரு முழு நாள் கிடைக்கும். கைத்தறி, மரவேலை, மெழுகுவத்தி, தேன், புகையிட்ட இறைச்சி விற்கும் கடைகளைப் பார்த்துவிட்டு, பழைய வீடுகளுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். அந்தக் காலத்துக் குடியானவன் வீட்டுப் பண்டிகை மேசை அப்படியே விரித்து வைக்கப்பட்டிருக்கும். சதுக்கத்தின் நடுவில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடுவார்கள். அறிமுகமே இல்லாதவர்கள்கூட உங்கள் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். கூச்சப்படாமல் போய்விடுங்கள். எனக்கு இந்த ஊரோடு ஒட்டுதல் வந்தது அந்த வட்டத்தில்தான்.

போவதற்கு நகர மையத்திலிருந்து 7-ஆம் எண் டிராம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஸ்லுசென் படித்துறையிலிருந்து கிளம்பும் படகு. சாதாரணப் பேருந்துச் சீட்டே அதிலும் செல்லும்.

கேள்வி: ஸ்டூர்தோர்யெட் சந்தை சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை அதிகம், போகாதே என்கிறான் கோத்தன்பர்க்கில் இருக்கும் நண்பன். உண்மையா?

பாதி உண்மை. சந்தை சின்னதுதான். நாற்பது சிவப்பு மரக்கடைகள் இருந்தால் அதிகம், இருபது நிமிடத்தில் சுற்றி முடித்துவிடலாம். விலையும் கூடுதல்தான். ஆனால் 1837 முதல் அந்தச் சதுக்கத்தில் கூடும் சந்தை அது. சாமான் வாங்கவென்று போனால் ஏமாற்றமாக இருக்கும், இடத்தைப் பார்க்கப் போங்கள்.

மதியம் 2 மணிக்கே போய்விடுங்கள். டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் உதிப்பது காலை எட்டரைக்கு மேல், மறைவது 2.50-க்கு முன்பே. வெளிச்சம் இருக்கும்போது சிவப்பும் காவியுமான கூர்முகட்டு வீடுகளைப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணெதிரே வானம் நீலமாகிக் கறுக்கும்போது கடை விளக்குகள் ஒவ்வொன்றாக மேலெழும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், நகரக்கூட இடம் இருக்காது. செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

அந்தக் கற்களுக்கு ஒரு கொடிய நினைவும் உண்டு. 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியன், முடிசூட்டு விழாவுக்குப் பின் பிரபுக்களும் பாதிரிகளும் நகரத்தாருமாக எண்பதுக்கும் மேற்பட்டோரை இதே சதுக்கத்தில் வெட்டிக் கொன்றார். க்ளெக் என்ற சூடான மசாலா ஒயினைக் குடித்துக்கொண்டு நிற்கும் இடம் அதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்பது உங்கள் விருப்பம். நான் என் மகளுக்குப் பத்து வயதில் சொன்னேன்.

சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்க நிற்கும் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தில்தான் நோபல் பரிசு அருங்காட்சியகம் இருக்கிறது. குளிர் தாங்காவிட்டால் அதன் உணவகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பகுதியில் பரிசு பெற்றவர்கள் கையெழுத்திட்டிருப்பார்கள். சி. வி. ராமன் (1930), சந்திரசேகர் (1983), வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் (2009) மூவரும் இதே டிசம்பர் இருட்டில், 10-ஆம் தேதி, இந்த ஊரில் வந்து பரிசு வாங்கியவர்கள் என்பது அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டை, பால் பரவாயில்லை. என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க வேண்டாம். சந்தையில் சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், வாஃபிள், இஞ்சியும் கிராம்பும் மணக்கும் மெல்லிய பெப்பர்காக்கர் பிஸ்கட், குங்குமப்பூ போட்டு 'எஸ்' வடிவில் சுருட்டி, இரண்டு முனையிலும் உலர்திராட்சை பதித்த லுஸ்ஸேகட்டர் ரொட்டி எல்லாம் கிடைக்கும். ரொட்டியைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், ஆறினால் வறண்டுவிடும்.

பாலில் வெந்த அரிசிக் கஞ்சி ஒன்று உண்டு. மேலே பட்டைத்தூள் தூவித் தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். வீடுகளில் இதற்குள் ஒரே ஒரு பாதாமை ஒளித்து வைப்பார்கள். அது யார் தட்டில் விழுகிறதோ அவருக்கு அடுத்த வருடம் கல்யாணம் என்பது நம்பிக்கை.

கவனமாக இருக்க வேண்டியவை இரண்டு. உணவகங்களின் பண்டிகை விருந்தில், அதை யூல்பூர்த் என்பார்கள், பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று இருக்கும். பெயர் யான்சன்ஸ் ஃப்ரெஸ்டெல்சே. பார்க்கச் சைவம், உள்ளே மீன். இரண்டாவது, மெத்தென்ற மிட்டாய்கள். பலவற்றில் ஜெலட்டின் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட போல்காகிரிஸ் மிட்டாயில் சர்க்கரையும் பெப்பர்மின்ட் வாசனையும்தான். கணவரை இழந்த அமாலியா எரிக்சன் என்ற பெண் 1859-ல் கிரென்னா என்ற சிற்றூரில் பிழைப்புக்காகச் செய்து விற்கத் தொடங்கியது அது.

கேள்வி: க்ளெக் என்பது மதுவா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, கசப்பு ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கியது க்ளெக். சின்னக் குவளையில் உலர்திராட்சையும் தோலுரித்த பாதாமும் போட்டுத் தருவார்கள். மது இல்லாத க்ளெக்கும் எங்கும் கிடைக்கும். வாசனை அதேதான், குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எது எது என்று கேட்டே வாங்குங்கள். ஒயின் அளவுக்கு மதுவுள்ள புட்டி வாங்க வேண்டுமென்றால் அரசின் சிஸ்டம்போலாகெட் கடைக்குத்தான் போக வேண்டும். 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், சனி மதியம் 3 மணிக்கு அடைத்துவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

கேள்வி: எவ்வளவு குரோனா மாற்றி வர வேண்டும்?

மாற்றவே வேண்டாம். கார்டு போதும். பல கடைகளில் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஸ்விஷ் என்ற செயலியில் பணம் கொடுப்பதைப் பார்ப்பீர்கள். அதற்கு இந்த ஊர் வங்கிக் கணக்கு வேண்டும், உங்களுக்குப் பயன்படாது. வேறு வேறு வங்கியின் கார்டாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பையனும் 68 வயது அம்மாவும் வருகிறார்கள். குளிர் தாங்குவார்களா? பனி கட்டாயம் இருக்குமா?

பனிக்கு உத்தரவாதம் இல்லை. ஸ்டாக்ஹோம் டிசம்பர் பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். வெள்ளைப் பனியைவிடத் தூறலையும் சகதியையும் அதிகம் பார்த்திருக்கிறேன். பனிக்காகவே வருவதென்றால் வடக்கே போய்விடுங்கள்.

குளிரைவிட எனக்குப் பயம் வழுக்கல்தான். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, பழைய நகரத்து உருண்டைக் கற்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அம்மாவுக்கு, செருப்புக்கு அடியில் மாட்டும் முள்பட்டை ஒன்று இங்கே வந்ததும் வாங்கிக் கொடுங்கள். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். நல்ல கோட் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒட்டினாற்போல் கம்பளி, மேலே இன்னொன்று, அதன் மேல் காற்றுப் புகாத கோட் என்று அடுக்குங்கள். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. பையன் கோட்டில் வெளிச்சத்தில் மின்னும் பட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள், இங்கே பெரியவர்களும் அப்படித்தான் போகிறார்கள். ஒரு மணி நேரம் வெளியே, அரை மணி நேரம் உள்ளே. இந்தக் கணக்கில் போனால் அம்மாவும் சமாளிப்பார்.

கேள்வி: 13-ஆம் தேதி அங்கே இருப்போம். லூசியா என்கிறார்களே, அது என்ன?

கொடுத்து வைத்தவர் நீங்கள். பழைய நாட்காட்டிப்படி ஆண்டின் மிக நீண்ட இரவு அதுதான் என்று நம்பினார்கள். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் எரியும் மெழுகுவத்திக் கிரீடத்தோடு ஒரு பெண் முன்னே நடப்பாள். பின்னால் கையில் விளக்கேந்திய பெண்களும், நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியணிந்த பையன்களும் பாடிக்கொண்டே வருவார்கள். மெட்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துடையது.

என் அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். வராந்தாவின் மறுகோடியிலிருந்து முதலில் பாட்டு மட்டும் கேட்கும். பிறகுதான் வெளிச்சம் வரும். பன்னிரண்டு வருடமாகியும் எனக்கு அந்தக் கணத்தில் தொண்டை அடைக்கிறது.

நீங்கள் ஸ்கான்சென் போகலாம், அல்லது ஏதேனும் தேவாலயத்து இசை நிகழ்ச்சிக்குப் போகலாம். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், நவம்பரிலேயே எடுத்துவிடுங்கள். பாடும்போது பேசாதீர்கள், கைபேசி வெளிச்சத்தைக் காட்டாதீர்கள்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

என் முதல் தேர்வு ஜூனிப்பர் மரத்தில் கடைந்த வெண்ணெய்க் கத்தி. கைக்கு அடக்கமாக இருக்கும், பெட்டியில் எடை சேராது, வருடக்கணக்கில் மணக்கும். சிவப்பு நாடா கட்டிய வைக்கோல் ஆட்டுப் பொம்மையும் அழகுதான், ஆனால் வைக்கோல் என்பதால் சில நாட்டுச் சுங்கத்தில் தடுப்பார்கள். சாயம் பூசிய டாலா மரக்குதிரைப் பொம்மை வாங்குவதென்றால் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். அசல் குதிரைகள் சில்யான் ஏரிக்கரையிலுள்ள நூஸ்னேஸ் கிராமத்தில் கையால் செதுக்கப்படுபவை, விலை கூடுதல்தான். சின்னதாக இருந்தாலும் அசலையே வாங்குங்கள், ஒரு தச்சரின் உழைப்புக்குப் போகும் காசு அது.

கேள்வி: கூட்டமில்லாத சந்தை ஏதாவது உண்டா?

சிக்துனா. சுமார் 980-ல் உருவான ஊர், ஸ்வீடனின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று. அட்வெண்ட் ஞாயிறுகளில் அதன் பழைய கடைவீதி முழுக்கச் சந்தையாகிவிடும். உள்ளூர் ரயிலில் மார்ஷ்தா வரை போய்ப் பேருந்து மாற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். கூட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாழ்ந்த மரவீடுகள், பக்கத்திலேயே ஏரி, இடிந்த கல் தேவாலயங்கள், எழுத்து வெட்டிய ரூனிக் கற்கள் என்று ஒதுங்கி நடக்க இடம் நிறைய உண்டு.

கேள்வி: உப்சாலாவில் படிக்கிறேன் அக்கா. முதல் குளிர்காலம். கையில் காசும் இல்லை, கூட வர ஆளும் இல்லை. நான் வந்து என்ன செய்ய?

வா தம்பி. ஸ்டூர்தோர்யெட்டில் நுழைவுக் கட்டணம் இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் ஹாம்ன்காத்தன் தெருவில் என்கே கடையின் கண்ணாடிச் சாளரங்களைப் பார். பொம்மைகள் அசையும் காட்சிகளை வைத்திருப்பார்கள், குழந்தைகளோடு நீயும் மூக்கை ஒட்டி நின்று பார்க்கலாம். அங்கிருந்து அரண்மனை வழியாகப் பழைய நகரத்துக்கு நடந்தே வா. வீடுகளின் சன்னல்களைப் பார்த்துக்கொண்டே நட. காகித நட்சத்திரமும் முக்கோண விளக்குத்தண்டும் ஏற்றாத சன்னல் அரிது. திரையை இழுத்து மூட மாட்டார்கள், தெருவில் போகிறவருக்கும் சேர்த்துத்தான் அந்த விளக்கு.

அட்வெண்ட் ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு ஸ்டூர்தோர்யெட் கிணற்றடிக்கு வந்தால் நான் அங்கே இருப்பேன், பச்சைக் கம்பளித் தொப்பியில். க்ளெக் என் செலவு.