நீராவி இன்ஜின் மீட்புப் பணிக்கு வார்ப்புப் பாகங்களைச் செய்து வாங்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. விரிசல் விட்ட சிலிண்டர், உடைந்த சக்கரம், காணாமல்போன சில வால்வுகள் ஆகியவற்றை வார்க்க எப்படிப்பட்ட ஃபவுண்டரியை அணுகுவது? பழைய பாகத்தையே மாதிரியாகக் கொடுத்தால் போதுமா? பழைய உலோகத்தையே உருக்கி ஊற்றலாமா?

பேட்டர்ன், அதாவது மணலில் பதித்து அச்செடுக்க உதவும் மாதிரி வடிவம், செய்யும் பட்டறையில் காலம் கழித்தவன் நான். எனவே பட்டறைப் பாசம் பதிலில் தெரியத்தான் செய்யும். ஃபவுண்டரியைத் தேடும் முன் நல்ல பேட்டர்ன் செய்பவரைத் தேடுங்கள். ஊற்றுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மணலில் பதிந்த வடிவத்தைத்தான் உலோகம் எடுத்துக்கொள்ளும்.

பழைய பாகத்தை அப்படியே மணலில் பதிப்பது ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கே போதும். உருகிய உலோகம் உறைந்து ஆறும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், கன்மெட்டல் என்ற செம்புக் கலவை சுமார் ஒன்றரை, எஃகு சுமார் 2 சதவீதம். 1,500 மி.மீ. விட்டமுள்ள எஃகுச் சக்கரத்தைப் பதித்து ஊற்றினால், கைக்கு வருவது ஏறக்குறைய 1,470 மி.மீ. சக்கரம். பல்லாண்டு ஓடித் தேய்ந்த தேய்மானமும் அதோடு சேர்ந்து வரும். கடைசல் வேலைக்கென்று விட வேண்டிய கூடுதல் கனமும் எங்கும் இருக்காது. பிரேக் கட்டை, அடுப்புக் கம்பி போன்ற முரட்டுச் சாமான்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழியை அனுமதிப்பேன். அங்கேகூட, தேய்ந்த இடத்தில் ஏதாவது ஒட்டிக் கனமாக்கிக்கொண்டால்தான் சரிவரும்.

வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிரிட்டனில் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை நீராவி இன்ஜின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருந்தும் 2008இல் 'டொர்னாடோ' என்ற பெயரில் அதே வகையில் புதிய இன்ஜின் ஒன்று ஓடத் தொடங்கியது; யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் அசல் வரைபடங்கள் பத்திரமாக இருந்ததே அதற்கு அடிப்படை. வரைபடமே இல்லையென்றால் பழைய பாகத்தை லேசர் ஸ்கேன் செய்யலாம். ஆனால் ஸ்கேன் காட்டுவது இன்றைய தேய்ந்த உருவத்தை. அது புதிதாக இருந்தபோது என்ன அளவு என்பதை யாராவது உட்கார்ந்து யோசித்துத்தான் ஆக வேண்டும். அதே வகை இன்ஜினை வைத்திருக்கும் மற்றக் குழுக்களையும் விசாரியுங்கள். எங்கோ ஒரு கொட்டகையில் பேட்டர்னே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மரப் பேட்டர்ன் பல முறை உழைக்கும். ஒரே ஒரு பாகம்தான் தேவையென்றால் தெர்மகோல் பேட்டர்ன் மலிவு. உலோகம் பாயும்போது அது எரிந்து மறைந்துவிடும். வார்ப்பு கெட்டுப்போனால் பேட்டர்னும் போச்சு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேட்டர்னே இல்லாமல் மணல் அச்சையே முப்பரிமாணத்தில் அச்சிடும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சிலிண்டருக்குள் வளைந்து ஓடும் நீராவிப் பாதைகளுக்கான கோர்களை (உள்வெற்றிடம் உண்டாக அச்சுக்குள் வைக்கும் மணல் துண்டுகளை) செய்ய அதைவிட வசதியான வழி இல்லை.

சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில், விரிசல் மட்டும்தான் என்றால் வார்ப்பை மறந்துவிட்டு, விரிசலின் குறுக்கே உலோகப் பூட்டுகளை இறுக்கும் உலோகத் தையல் முறையில் பழுது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சூடேற்றாமல் குளிர்ந்த நிலையிலேயே செய்வதால் புதிய விரிசல் பயம் குறைவு. புதிதாகத்தான் வார்க்க வேண்டும் என்றால், நெருக்கமான மணியுள்ள சாம்பல் வார்ப்பிரும்பே என் தேர்வு. அதிலுள்ள கிராஃபைட் செதில்கள் தேய்மானத்தைத் தாங்க உதவுகின்றன. ஊற்றும்போது கோர் சற்றே நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். எனவே கடைசலுக்கு ஏற்றும் முன்பே அல்ட்ராசானிக் கருவியால் கனத்தை அளந்துவிடுங்கள். கனத்த பகுதியும் மெல்லிய பகுதியும் சேரும் இடங்களில் உள்ளே நுண்துளைகள் ஒளிந்திருக்கும். மேல்தோல் இருக்கும்வரை அவை கசியாது; கடைந்து தோலை எடுத்த பிறகே வாயைத் திறக்கும். ஆகவே முரட்டுக் கடைசல் முடிந்ததும் ஒரு நீரழுத்தச் சோதனை, எல்லா வேலையும் முடிந்ததும் இன்னொன்று. முதல் சோதனையைத் தவிர்த்துச் சிக்கனம் பிடிக்கிறவர்கள் கெட்ட வார்ப்புக்கு நல்ல கடைசல் கூலி கொடுக்கிறார்கள்.

சக்கரத்துக்கு வார்ப்பு எஃகு. ஊற்றியபின் வெப்பப் பதனம் கட்டாயம். வால்வு உடல்களுக்கு 85 பங்கு செம்பும், வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 பங்கும் கொண்ட கன்மெட்டல் நன்றாகப் பாயும், அழுத்தத்தையும் தாங்கும். பளபளப்பைப் பார்த்துப் பித்தளைக்கு ஆசைப்பட வேண்டாம். கொதிநீர்ச் சூழலில் அதிலிருந்து துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேற, மிஞ்சுவது பொடிந்துபோகும் செம்புக் கூடு. கொதிகலனோடு இணையும் எதற்கும் ஆர்டர் கொடுக்கும் முன் கொதிகலன் ஆய்வாளரிடம் உலோகத்தின் தரத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

ஃபவுண்டரி விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கில் ஒரே பாகத்தை ஊற்றும் பெரிய ஆலையில் உங்கள் ஒற்றைச் சிலிண்டர் மூலையில் கிடக்கும். சில்லறை ஆர்டர்களை எடுத்துப் பழகிய ஃபவுண்டரிதான் உங்களுக்குத் தோது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுக்கவும் நினைக்காதீர்கள். இரும்பு, எஃகு, கன்மெட்டல் மூன்றையும் நன்றாகச் செய்யும் இடம் அபூர்வம். பேட்டர்ன் வேலை தொடங்கும் முன்பே பேட்டர்ன் செய்பவரையும் வார்ப்பவரையும் நேரில் உட்கார வைத்துப் பேச விடுங்கள். எந்தப் பக்கம் மேலே வரும், உறையும்போது கூடுதல் உலோகம் ஊட்டும் ரைசர் எங்கே நிற்கும், கோர் எதில் தாங்கும் என்பதெல்லாம் அங்கே தீர்ந்துவிடும். அதே கொப்பரை உலோகத்தில் ஊற்றிய சோதனைத் துண்டும், வேதிப் பகுப்பாய்வுச் சான்றும் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஊற்றி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது. பேட்டர்ன் யாருக்குச் சொந்தம், யார் பொறுப்பில் இருக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கடைசிக் கேள்வி: பழைய உலோகத்தை உருக்குவது. உணர்வு புரிகிறது, ஆனால் வேண்டாம். அந்த இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்பது பகுப்பாய்வு செய்யாமல் தெரியாது. தெரியாத சரக்கை உலையில் போட எந்த நல்ல ஃபவுண்டரியும் சம்மதிக்காது. அதற்காக உடைந்த சிலிண்டரை எடைக்கும் போட்டுவிடாதீர்கள். போல்ட் துளைகளின் இடம், வால்வு முகத்தின் உயரம் என்று வரைபடம் சொல்லாமல் விட்ட சந்தேகங்கள் கடைசல்காரருக்கு வந்துகொண்டேயிருக்கும். புதியது பொருந்தி, நீராவியில் ஓடும்வரை பழையது பக்கத்திலேயே கிடக்கட்டும்.